வேகமும் வெப்பமும்

பிழைப்பை நாடி வடமாலபேட்டைப் பக்கம் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் இடம் சுருக்கம். ஆதலின், புத்தகப் பருமனே உள்ள சிறு கணிப்பொறி சிலருடைய மேசைக்கு வந்துவிட்டது. பெரிய கணிப்பொறியின் ரேம் பலகை 133 மில்லிமீட்டர் நீளம் உடையது. இதனுள் இருப்பதோ மடிக்கணினிக்குரிய 69.6 மில்லிமீட்டர் பலகை.

"இதை இன்னும் விரைவாக ஓட்டலாமா?" என்று இளைஞர் சிலர் நம்மை வினவினர். ஓட்டலாம், நாமும் ஓட்டிப் பார்த்தோம். அதில் நாம் பட்ட பாட்டைச் சொல்லுவதே இம்மாதத்துப் பேச்சு.

சென்ற கோடையில் 2666 என்றிருந்த வேகத்தை 3200 ஆக உயர்த்தினோம். அதற்காக மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக்கினோம். காலையில் செவ்வனே ஓடிற்று. வெயில் உச்சிக்கு ஏறிய பிற்பகலில், கல்வி உதவி கோரிய பிள்ளைகளின் சான்றிதழ்களை அதில் பிரதி செய்தோம். பிழை என்று கணிப்பொறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவு பார்த்தால் ஒரு சிறுமியின் மதிப்பெண் சான்றிதழ் திறக்க மறுத்தது. மறுநாளே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்! அவள் தந்தையின் கைப்பேசியில் மூலம் இருந்தமையால் பிழைத்தோம். பின்னர்ச் சோதித்தபோது, 3200இல் பிற்பகல்தோறும் பிழைகள் தோன்றின. 2666இல் ஒன்றும் இல்லை.

காரணம் என்ன? ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்ததே இந்த ரேம். ஒவ்வொரு செய்தித் துளியும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓட்டைக் குடம் போன்றது; கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி வினாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒரு முறை நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். 85 பாகையைத் தாண்டினால் 32 மில்லி வினாடிக்குள் நிரப்ப வேண்டும். வேகத்தைக் கூட்டினாலோ படிப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள அவகாசம் குறைகிறது.

மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே மின்செலவு ஏறும். நாம் செய்த மாற்றத்தில், வேகத்தைச் சார்ந்த செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. அவ்வளவும் வெப்பம். பல பெட்டிகளில் ரேம் அடிப்புறத்தில் இருப்பதால், ப்ராசஸரின் விசிறிக் காற்று அதனை எட்டுவதில்லை.

முயல விரும்புவோர்க்குச் சில சொற்கள். ஒற்றைப் பலகை இருப்பின், முதலில் அதற்கு இணையான இன்னொன்றைப் பொருத்துங்கள். இரண்டு பாதைகளில் செய்தி ஓடும். பல பெட்டிகளின் பயாஸ் வேகத்தை மாற்ற இடம் கொடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூசு துடைத்து, பெட்டியைச் சற்று உயர்த்தி, அடிப்புறம் காற்றோடச் செய்யுங்கள். மூடி உலோகமாயின், மின்சாரம் கடத்தாத மெல்லிய தெர்மல் பேடைச் சில்லுக்கும் மூடிக்கும் இடையே அழுத்தமின்றி வைக்கலாம். சிறு விசிறியும் உதவும்.

வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86 கொண்டு சோதியுங்கள். அதுவும் குளிர்ந்த இரவில் அன்று, கடும் பிற்பகலில். தண்டவாளம் சூடேறும் வேளை பார்த்தே ரயில்வேயில் கோடை ரோந்து நடக்கிறது. ஒரு பிழை தோன்றினும் ஒரு படி இறங்குவதே முறை.

ப்ராசஸருடன் இணைந்த கிராபிக்ஸில் விளையாடுவோர்க்கு இவ்வேகம் பயன்படும். கடிதமும் கணக்கும் எழுதுவோர்க்கு வேறுபாடு தெரியவே தெரியாது. நாம் 2666க்கே திரும்பிவிட்டோம். பிறர் வீட்டுப் பிள்ளையின் சான்றிதழை நம் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேகத்தைச் சோதிப்பது நமக்கு அழகன்று.