அதிகாரம் நேயரிடம் இல்லை

போட்டி பெருகியதால் நேயர் கைக்கு அதிகாரம் வந்துவிட்டது என்ற வாதத்தை ஏற்க முடியாது. 1993இல் சன் டிவி வந்து தூர்தர்ஷனின் ஏகபோகம் தளர்ந்தது நல்லதே. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பிறகு நடந்ததைப் பாருங்கள்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு. பாட்டிக்குத் தமிழ்த் தொடர், பேரனுக்குக் கன்னடத்தில் சிண்டு டிவி. 2019இல் வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய (டிராய்) விதிப்படி இணைப்புக்கே 130 ரூபாய் வரை இருந்தது, மேலே வரி. கட்டணச் சேனல்களுக்குத் தனிக்காசு; அப்போது சன் டிவிக்கு மட்டும் 19 ரூபாய். தொகுப்பில் சேரும் சேனலின் உச்சவிலையை 2020இல் 12 ரூபாயாகக் குறைத்த டிராய், நிறுவனங்கள் வழக்காடிய பின் 2022இல் மறுபடி 19 ஆக்கியது. 2024இல் அந்த 130 ரூபாய் வரம்பும் போனது.

விலை ஏறவும் இறங்கவும் காரணம் பாட்டியின் விருப்பமல்ல. வெளிமாநிலத்தில் வாழ்வோரின் தாய்மொழிச் சேனல்களை அடிப்படைக் கட்டணத்திலேயே டிராய் சேர்க்க வேண்டும்.