தில்லி வரம் கொடுத்தாலும் சொசைட்டி இடம் கொடுக்குமா?

புது தில்லி: பெட்ரோல் கார் வாங்குவதா, மின்சார கார் வாங்குவதா என்பது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரமாகத் தோன்றலாம். ஆனால், அந்த முடிவை மறைமுகமாக எடுப்பவை மத்திய அரசின் வரிக் கொள்கையும் மாநில அரசின் சலுகைகளும்தான். நவி மும்பையின் நெருள் பகுதியில் வாழும் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். அந்தக் கணக்கின் கடைசி வரியை எழுதுவது மட்டும் தில்லியும் அல்ல, மும்பை மந்த்ராலயாவும் அல்ல. குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கம்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி எனப் பழைய மும்பையில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழர்கள் பலர், சிட்கோ நிறுவனம் உருவாக்கிய புதிய நகரில் வீடு வாங்கிக் குடியேறினர். ஆனாலும் பலருக்குப் பணியிடமும் உற்றார் உறவினரும் இன்னமும் வாஷி பாலத்துக்கு அப்பால்தான். செம்பூர் சென்று திரும்ப ஏறக்குறைய 40 கி.மீ. மின்சார காருக்கென்றே அளந்து வைத்தது போன்ற தொலைவு இது.

மத்திய அரசு என்ன தருகிறது? 2019 ஆகஸ்டில் மின்சார வாகனங்களுக்கான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு பட்ஜெட்டில், வாகனக் கடன் வட்டியில் ரூ.1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவை அறிவித்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். 2023 மார்ச்சுக்குப் பின் பெற்ற கடன்களுக்கு அது பொருந்தாது. 2019-ல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்ட மானியத்திலும், 2024 அக்டோபரில் வந்த ரூ.10,900 கோடி பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் சொந்த உபயோகக் கார்களுக்கு இடமில்லை. ஆக, தனிநபருக்கு மிஞ்சியது அந்த 5 சதவீத வரி மட்டுமே.

அதன் மதிப்பும் 2025 செப்டம்பர் 22-ல் குறைந்தது. சிறிய பெட்ரோல் கார்களுக்கு மேல்வரியுடன் 29 சதவீதமாக இருந்த வரி அன்று 18 சதவீதமானது. இரு வகைக் கார்களுக்கும் இடையிலான வரி வேறுபாடு 24-லிருந்து 13 சதவீதப் புள்ளிகளாகச் சுருங்கியது. வரிக்கு முந்தைய விலை ரூ.8 லட்சம் உள்ள பெட்ரோல் காரில் இதனால் ரூ.88 ஆயிரம் மிச்சம். மின்சார காரின் வரி ஒரு ரூபாய்கூட உயரவில்லை. ஆயினும் அதன் சாதகம் கரைந்துவிட்டது.

மகாராஷ்டிர அரசும் தடுமாறாமல் இல்லை. ரூ.30 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 6 சதவீத வரி என 2025 மார்ச் பட்ஜெட்டில் முன்மொழிந்த அரசு, அதே மாதத்தில் அதைக் கைவிட்டது. பெட்ரோல் மீதான கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் இரு அரசுகளுக்கும் முக்கிய வருவாய் என்பதை நினைத்தால், இந்தத் தடுமாற்றத்தில் வியப்பில்லை. பின்னர் வந்த புதிய கொள்கையில் வாகன வரி விலக்குடன், அடல் சேது உள்ளிட்ட சாலைகளில் சுங்கக் கட்டண விலக்கும் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்த பிறகும் கட்டணம் பிடிக்கப்பட்டதாகச் சட்டப்பேரவையில் பிரச்னை எழுந்தது தனிக் கதை.

நெருள்வாசிகள் எல்லோருக்கும் இதில் ஒரே பலன் இல்லை. வாஷி சுங்கச்சாவடியில் 2024 அக்டோபர் முதலே எல்லாக் கார்களுக்கும் கட்டணம் கிடையாது. எனவே, செம்பூர் செல்பவருக்குக் கூடுதல் லாபம் எதுவுமில்லை. அடல் சேது வழியாகத் தென் மும்பை செல்பவருக்கோ, விலக்கு வந்தபோது இருந்த கட்டணப்படி, போய்வர ரூ.375 மிச்சம்; மாதம் 22 நாள் என்றால் ரூ.8,250.

எரிபொருள் செலவில்தான் உண்மையான லாபம். 30 யூனிட் மின்சாரத்தில் ஒரு சிறிய கார் சுமார் 200 கி.மீ. ஓடும். யூனிட் ரூ.10 என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ரூ.1.50. லிட்டர் ரூ.100-க்கு மேல் விற்கும் பெட்ரோலில், லிட்டருக்கு 15 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய ரூ.7. ஆண்டுக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு ரூ.50 ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். ஆனால், இது இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்பவரின் கணக்கு. சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் 30 யூனிட் ஏற ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும்.

சொசைட்டி குறுக்கிடுவது இங்குதான். கார் சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்பு பெறும் உரிமையை, 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் அளித்துள்ளன. புதிய கட்டடங்களின் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு மின்னேற்ற வசதி என மாதிரிக் கட்டட விதிகளும் 2019-ல் திருத்தப்பட்டன. நெருளிலோ பல கட்டடங்கள் அதற்கு முன்பே எழுந்தவை. மின் கம்பிகள் பழையவை. நிறுத்துமிடம் எல்லோருக்கும் இல்லை. சில இடங்களில் முதலில் வந்தவருக்கே இடம். சங்க நிர்வாகிகள் தயங்கினால் அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் சார்ஜர் பொருத்தினால் சமாளிக்கலாம். இருபது பேர் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் செலவை யார் ஏற்பது? கார் இல்லாத ஓய்வூதியரின் பராமரிப்புக் கட்டணத்தில் அதைச் சேர்ப்பது நியாயமா?

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவர் பொது மின்னேற்ற நிலையத்தை நாட வேண்டும். அங்கு யூனிட் விலை அதிகம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சொந்த நிறுத்துமிடம் உள்ளவருக்கு ஜிஎஸ்டி இல்லா மின்சாரம். தாராவியிலும் செம்பூரிலும் தெருவோரம் வண்டி நிறுத்தும் டாக்ஸி ஓட்டுநருக்கு ஜிஎஸ்டியுடன் மின்சாரம். காருக்கு 5 சதவீதம், அதற்கு ஊட்டும் மின்னேற்ற சேவைக்கு 18 சதவீதம் என்பது விசித்திரமான வரி நீதி.

பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது மின்னேற்ற நிலையங்களுக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. பழைய குடியிருப்புகளின் மின் கட்டமைப்பைப் புதுப்பிக்கவும் மத்திய அரசு இதுபோல் ஒரு பங்கை ஏற்கலாம். மின்னேற்ற சேவை மீதான வரியைக் குறைக்க ஜிஎஸ்டி கவுன்சில்தான் முன்வர வேண்டும். அங்கு மகாராஷ்டிரத்துக்கும் தமிழகத்துக்கும் ஆளுக்கொரு வாக்கு உண்டு.