லாயிட்ஸ் ரோடும் ஒற்றை எழுத்தும்

கோபாலபுரம், ராயப்பேட்டைப் பக்கம் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறதல்லவா? அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கும் அதே சாலைதான். கொஞ்சம் வயசான ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு விநாடி யோசிப்பார். "லாயிட்ஸ் ரோடா? அப்படிச் சொல்லுங்க சார்" என்பார். பிறகு மீட்டரைத் தொடாமலே ஒரு தொகை சொல்வார். அது வேறு கட்டுரை.

வெள்ளைக்காரர்கள் இந்த ஊரில் விட்டுப்போன பெயர்களில் லாயிட் கொஞ்சம் விசேஷம். உலகத்தில் லாயிட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. பி.காம். படித்தவனுக்கு இரண்டு லாயிட் உண்டு. கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஒன்று. சரித்திரப் பாடத்தில் ஒன்றிரண்டு. 1923-ல் வந்த ஊமைப் படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்குவாரே, அவரும் ஹெரால்ட் லாயிட். சில வீட்டுச் சுவர்களில் ஏ.ஸி.யாகக்கூட ஒரு லாயிட் தொங்குகிறது. இவர்களெல்லாம் அண்ணன் தம்பியா, பங்காளியா என்று உட்கார்ந்து பார்த்தேன். பொழுது நன்றாகப் போயிற்று.

* * *

முதலில் காப்பிக் கடைக்காரர்.

எட்வர்ட் லாயிட் என்பவர் 1680-களில் லண்டனில் ஒரு காப்பிக் கடை வைத்தார். 1691-ல் லம்பார்ட் தெருவுக்கு மாறினார். கப்பல் முதலாளிகள், மாலுமிகள், சரக்கு அனுப்பும் வியாபாரிகள் எல்லாருக்கும் அதுதான் ஜமா. காப்பியை உறிஞ்சியபடி, "என் கப்பல் கவிழ்ந்தால் யார் பொறுப்பு?" என்று கவலைப்படுவார்கள். காசுள்ள ஆசாமிகள் காகிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, "இவ்வளவுக்கு நான் பொறுப்பு" என்பார்கள். (அண்டர்ரைட்டர் என்ற வார்த்தையே இந்தக் கீழ்க் கையெழுத்தில் வந்ததுதான். காலேஜில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்ஷூரன்ஸ் பேப்பர் இன்னும் கொஞ்சம் இனித்திருக்கும்.)

லாயிட் யாருக்கும் இன்ஷூர் செய்யவில்லை. கப்பல் செய்திகளைத் திரட்டிக் கொடுத்தார், காப்பி கொடுத்தார், 1713-ல் போய்ச் சேர்ந்தார். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய இன்ஷூரன்ஸ் சந்தைகளில் ஒன்றுக்கு இன்றும் 'லாயிட்ஸ் ஆஃப் லண்டன்' என்றுதான் பெயர். நம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எதிர் டீக்கடைக்காரர் பெயரை வைத்த மாதிரி.

* * *

அடுத்தவர் பாங்க் லாயிட். காப்பிக் கடைக்கும் இந்த பாங்குக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இது குவேக்கர் குடும்பம்.

குவேக்கர் என்பது கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. பாதிரியார் கிடையாது. கூட்டம் போட்டு மௌனமாக உட்காருவார்கள். சண்டைக்குப் போகமாட்டார்கள். முக்கியமாக, சத்தியம் செய்யமாட்டார்கள். "நான் எப்போதும் உண்மைதான் பேசுகிறேன். சத்தியம் செய்து பேசினால், மற்ற நேரத்தில் புளுகுகிறேன் என்று ஆகிவிடாதா?" என்பது அவர்கள் வாதம். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது.

ராஜாவுக்கு நியாயமாகப் படவில்லை. வேல்ஸ் நாட்டில் டோலோப்ரான் என்ற இடத்தில் சார்லஸ் லாயிட் என்ற நிலச்சுவான்தார், 1662-ல் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். தூக்கி உள்ளே போட்டார்கள். சுமார் பத்து வருஷம்! அந்தக் காலத்தில், 1664-ல் பிறந்த மகன் சாம்ஸன் லாயிட். இவர் பின்னால் பர்மிங்ஹாம் வந்து இரும்பு வியாபாரம் செய்தார். குவேக்கர்களுக்கு யூனிவர்சிட்டி கிடையாது, சர்க்கார் உத்தியோகம் கிடையாது. வியாபாரத்தை விட்டால் வேறு வழி? சாக்லேட்டில் காட்பரி, ஃப்ரை, பாங்கில் பார்க்லேஸ் என்று வரிசையாகக் கடை போட்டவர்களெல்லாம் இந்தக் கூட்டம்தான்.

இரும்புக்காரருடைய மகன், அவர் பெயரும் சாம்ஸன், 1765-ல் ஜான் டெய்லர் என்ற பட்டன் தயாரிப்பாளருடன் சேர்ந்து ஒரு பாங்க் ஆரம்பித்தார். அதுதான் லாயிட்ஸ் பாங்க். முதல் கிளை திறந்தது 1864-ல். நூறு வருஷம் ஒரே ஆபீஸ்! இன்றைக்கு நம் தெருமுனை பிரியாணிக் கடைகூட மூன்று மாதத்தில் மூன்று பிராஞ்ச் போடுகிறது.

ஜனங்கள் ஏன் குவேக்கரிடம் பணத்தைக் கொடுத்தார்கள்? அவன் ஒரே விலை சொல்லுவான், பேரம் கிடையாது. (ரங்கநாதன் தெருவில் கடை போட்டிருந்தால் பட்டினிதான்.) கடனைத் திருப்பாமல் திவாலானால் சபையிலிருந்தே தள்ளி வைத்துவிடுவார்கள். ஆக, லாயிட் என்ற பெயருக்குப் பின்னால் பத்து வருஷ ஜெயிலும் ஒரு சபையின் கண்டிப்பும் இருந்தன. இதைத்தான் எங்கள் அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் குட்வில் என்றார்கள். கண்ணால் பார்க்க முடியாத சொத்து.

அது பரம்பரையாக வருமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

* * *

அடிமை வியாபாரத்தில் கைவைப்பவர்களைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று லண்டன் குவேக்கர்கள் 1761-லேயே முடிவு செய்தார்கள். அந்த வியாபாரத்தை ஒழிக்க 1783-ல் ஆறு குவேக்கர்கள் ஒரு சின்னக் கமிட்டி போட்டார்கள். அதில் ஒருவர் பெயர் ஜான் லாயிட். அதே காலத்தில் அடிமைக் கப்பல்களுக்கு லண்டனில் எங்கே இன்ஷூரன்ஸ் எழுதினார்கள்? காப்பிக் கடை லாயிட் பெயரில் நடந்த சந்தையில்! அதற்காக அந்த நிறுவனம் 2020-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரே பெயர், கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கத்திலும்.

சரி, அவை வேறு வேறு குடும்பம் என்பீர்கள். ஒரே குடும்பத்தைப் பார்ப்போம். ஜார்ஜ் லாயிட் என்பவர் 1918 முதல் 1923 வரை பம்பாய் மாகாண கவர்னர். பாங்க் லாயிட்டுகளின் நேர் வாரிசு. பின்னால் பிரபு பட்டம் வாங்கினபோதும் டோலோப்ரான் என்ற பூர்வீகத்தைத்தான் கூடப் போட்டுக்கொண்டார். சிந்து நதியில் சுக்கூர் அணை இவர் ஆரம்பித்தது, அது கிரெடிட் பக்கம். டெபிட் பக்கம்? 1922 மார்ச் மாதம் இவர் சர்க்கார் ஒரு மனிதரைக் கைது செய்து, அகமதாபாத்தில் விசாரித்து, ஆறு வருஷம் என்று எரவாடா ஜெயிலுக்கு அனுப்பியது. அந்த மனிதரும் உண்மை, அகிம்சை, மௌனம் என்று பேசினவர்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1662-ல் மனச்சாட்சிக்காக உள்ளே போனவர் ஒரு லாயிட். 260 வருஷம் கழித்து, மனச்சாட்சிக்காரரை உள்ளே அனுப்பினவரும் அதே வீட்டு லாயிட். பாங்க்? 2009 வாக்கில் அதைத் தூக்கி நிறுத்த பிரிட்டிஷ் சர்க்கார் 43 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. பெயர் அப்படியே இருந்தது. சரக்கு மாறிவிட்டது.

* * *

லாயிட் என்ற பெயர் உண்மையில் வேல்ஸ் சொல். சாம்பல் நிறம் என்று அர்த்தம். தலை நரைத்த யாரோ ஒரு தாத்தாவுக்கு வைத்த பட்டப்பெயர், பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் வேல்ஸ்காரர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயருக்கு முன்னால் 'அப்' என்று போட்டுக்கொள்வார்கள், இன்னார் மகன் என்று. அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. அப் ஹவெல், பவல் ஆயிற்று. ஆடிட்டர் கம்பெனி பெயரில் வரும் பிரைஸும் விலை இல்லை சார், ரீஸின் மகன்!

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்ம இனிஷியல்தான் அது.

1916-ல் பிரிட்டிஷ் பிரதமரான லாயிட் ஜார்ஜ் கதை இன்னும் நெருக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வில்லியம் ஜார்ஜ் இறந்துவிட்டார். வளர்த்தது தாய்மாமன் ரிச்சர்ட் லாயிட், செருப்புத் தைக்கிற தொழிலாளி. பையன் மாமன் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துக்கொண்டான். தாய்மாமன் சீர் என்றால் இதுவல்லவா சீர்?

கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இங்கிலீஷ் குடும்பப் பெயர் வந்தது அடிமைக் காலத்தில். அவர்கள் கேட்டு வாங்கியதல்ல. அந்த வட்டாரத்தில், கயானாவில் பிறந்தவர் கிளைவ் லாயிட். 1975 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்டுக்குக் கேப்டனாக வந்தார். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 அடித்தாரே, அதே மாட்ச். நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி நடந்து வருகிற அந்த மனிதரைப் பற்றி அப்பாக்கள் இன்னும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதை எந்த வெள்ளைக்கார லாயிட் கொடுத்ததும் இல்லை. முழுக்கச் சொந்தச் சம்பாத்தியம்.

* * *

நமக்கு வருவோம். நமக்கு சர்நேம் கிடையாது. ஒற்றை எழுத்துதான். அதனால் படுகிற பாடு ஆபீஸ் போகிற எல்லாருக்கும் தெரியும். கோவிந்தசாமி மகன் ரமேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபாரத்தில் லாஸ்ட் நேம் என்ற கட்டத்தில் கோவிந்தசாமி என்று எழுதுவான். அமெரிக்கா போனதும் ஆபீஸே அவனை "மிஸ்டர் கோவிந்தசாமி" என்கும். மந்தைவெளியில் ஈஸிசேரில் படுத்திருக்கும் பெரியவருக்கு நியூ ஜெர்ஸியில் இப்படி ஒரு செல்வாக்கு! ஒற்றைப் பெயரோடு விசாவுக்குப் போனால், ஃபர்ஸ்ட் நேம் அன்நோன் என்று எழுதிவிடுகிறார்கள். பெற்ற தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை, ஒரே முத்திரையில் பெயர் தெரியாதவன்.

வால் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் வால் என்றால் ஜாதி. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு ஜாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தி.நகர் பாண்டி பஜாரைப் பாண்டிச்சேரியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது இந்தப் பாண்டியன்! எழுபதுகளின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பலகைகளிலிருந்தும் ஜாதி வாலை நறுக்கினார்கள்.

பலகையில் நறுக்கியாயிற்று. மனசில்? போன வருஷம் மயிலாப்பூரில் வீடு பார்க்கப் போனேன். ஹவுஸ் ஓனர் மாமா காப்பியெல்லாம் கொடுத்தார்.

"பேர் என்ன சொன்னேள்?"

சொன்னேன்.

"அது சரி. முழுப் பேர்?"

"அவ்வளவுதான் சார். முன்னாடி ஒரு எழுத்து, அப்பா பேர்."

"அப்பா பேர் முழுசா எப்படி எழுதுவார்?"

அப்பாவும் அவ்வளவுதான் எழுதுவார் என்றேன். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று விசாரணை தொடர்ந்தது. சம்பாத்தியம் என்ன, வாடகையை ஒழுங்காகக் கொடுப்பேனா என்று மட்டும் கேட்கவில்லை. "சொல்லி அனுப்பறேன்" என்றார். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மாமா தேடியது குட்வில். பரம்பரை வாலில் அது இருக்கும் என்று நம்புகிறார். லாயிட் குடும்பத்துக் கணக்கைக் காட்டினால் ஒருவேளை யோசிப்பார். ஜெயிலுக்குப் போன தாத்தாவைக் காட்டி, ஜெயிலுக்கு அனுப்பிய பேரனுக்கு வீடு கொடுக்க முடியுமா? இனிஷியல் என்பது அப்பாவுக்கு ஒரு வணக்கம். அதற்கு மேல் அதில் பாலன்ஸ் இல்லை. மிச்சத்தை அவனவன்தான் டெபாசிட் செய்ய வேண்டும்.

அந்தச் சாலைக்கு இப்போது இருக்கிற பெயரையே பாருங்கள். டி.கே. சண்முகம் நாடக நடிகர். மேடையில் அவ்வைப் பாட்டியாக நடித்தார். ஜனங்கள் அவர் பெயருக்கு முன்னால் அவ்வையை ஒட்டிவிட்டார்கள். 1996-ல் கமல் தன் படத்துக்கு அந்தப் பெயரை வைத்துக் கும்பிடு போட்டார். அது அப்பா கொடுத்த எழுத்தில்லை, தாத்தா விட்டுப்போன வாலும் இல்லை. புடவை கட்டி, கோல் ஊன்றி, ராத்திரி ராத்திரியாக நடித்துச் சம்பாதித்த இனிஷியல்.

ஆட்டோக்காரரிடம் அடுத்த தடவை அந்தப் பெயரையே சொல்லுங்கள். தொகை குறையாது. ஆனாலும் சொல்லுங்கள்.