பழைய காரா, ஹைபிரிட்டா? தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு!

தாம்பரத்துக்காரர்களுக்கு வாழ்க்கையில் ரெண்டு ஜி.எஸ்.டி. ஒண்ணு, குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் தினமும் நம் பொறுமையைச் சோதிக்கும் ஜி.எஸ்.டி ரோடு. இன்னொண்ணு, எதை வாங்கினாலும் பில்லில் வந்து உட்காரும் ஜி.எஸ்.டி வரி. பழைய காரைக் கொடுத்துட்டு ஹைபிரிட் கார் வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? இந்த ரெண்டு ஜி.எஸ்.டி-யையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ரோடு, 'வாங்கு' என்கிறது. வரி, 'கொஞ்சம் பொறு' என்கிறது.

உங்க வீட்டு வாசலில் 2010 வாக்கில் வாங்கின ஒரு குட்டி ஹேட்ச்பேக் நிற்குதுன்னு வச்சுக்குவோம். அப்பா லோன் போட்டு வாங்கினது. நீங்க ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்கிட்டதும் அதில்தான். இப்போ ஆர்.சி-யில் 15 வருடம் முடிஞ்சிருச்சு. "15 வருஷம் ஆனா காரை உடைச்சிடுவாங்களாமே" என்று சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பயமுறுத்துகிறார். "இ20 பெட்ரோல் போட்டா இன்ஜின் காலி" என்று ஒரு ரீல்ஸ். "சார், 28 கிலோமீட்டர் மைலேஜ்" என்று ஷோரூமிலிருந்து போன். மூணும் ஒரே வாரத்தில் வந்தால், யாராக இருந்தாலும் 7 வருட லோனுக்குக் கையெழுத்து போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னாடி ஒவ்வொண்ணாகப் பார்த்துடலாம்.

15 வயசானால் கார் குப்பையா?

இல்லை. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வாகனங்களுக்கான தடை டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே உங்க டி.என்.11 காரை ஆர்.டி.ஓ ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, தகுதிச் சோதனையில் தேறினால், பசுமை வரி கட்டி இன்னும் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அதை 10,000 ஆக்கினார்கள். வலிக்கும்தான். ஆனால், கார் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது டீ செலவு.

அப்போ பழைய காரை மாற்ற நல்ல காரணமே கிடையாதா? இருக்கு. ஆனால், அதை ஷோரூமில் யாரும் முதலில் சொல்வதில்லை. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ் பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானது அதே வருடம் ஜூலையில். 2010-ல் வாங்கின சின்ன காரின் அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இந்த ரெண்டுமே இருக்காது. வண்டலூர் தாண்டி 90-ல் போகும்போது மைலேஜைவிட இதுதான் முக்கியம். கீழ்த்தகட்டில் துரு, அடிக்கடி மெக்கானிக் ஷெட், கூடவே ஏர்பேக்கும் இல்லை என்றால், மாற்றுவது நியாயம். 'வயசாயிடுச்சு' என்பது மட்டும் காரணம் ஆகாது.

இ20 பயம் எவ்வளவு உண்மை?

20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய கார்களின் மைலேஜ் குறையும். இதை மறைக்கத் தேவையில்லை. மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. அதற்காகவே டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவிகிதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவிகிதம் என்பது அமைச்சகத்தின் கணக்கு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த கார் 13.2 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும் சொன்னார்கள். அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் பெட்ரோல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகக் காரையே மாற்ற வேண்டியதில்லை. புது ஹைபிரிட்டுக்கும் அதே பங்க், அதே பெட்ரோல்தான்!

ஜி.எஸ்.டி ரோடு ஏன் 'வாங்கு' என்கிறது?

சாதாரண கார் சிக்னலில் நிற்கும்போதும் பெட்ரோலைக் குடிக்கும். பிரேக் பிடிக்கும்போது அதன் வேகம் முழுவதும் வீண் சூடாகப் போய்விடும். முழு ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். மெதுவாக நகரும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் தனியாக இழுக்கும். பிரேக் பிடித்தால் அந்தச் சக்தி பேட்டரிக்குப் போகும். பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வேலையே இல்லை.

அதனால்தான் ஹைபிரிட்டுக்கு வாட்டமான இடம் டிராஃபிக். பெருங்களத்தூரில் அரை மணி நேரம் ஊர்ந்தாலும், மேடவாக்கம் சந்திப்பில் மாட்டினாலும் சாதா காரைவிட நல்ல லாபம் தெரியும். திண்டிவனம் ரோட்டில் ஒரே சீராக 100-ல் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். அங்கே பெரும்பாலான நேரம் இன்ஜின்தான் உழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'ஸ்மார்ட் ஹைபிரிட்', 'மைல்டு ஹைபிரிட்' என்று பேர் போட்டு வருபவை வேறு ஜாதி. அவற்றில் மோட்டார் இன்ஜினுக்குக் கை மட்டும் கொடுக்கும். தனியாகக் காரை ஓட்டாது. 2015-ல் ஃபேம் திட்டத்தில் இவற்றுக்கும் மானியம் கொடுத்த மத்திய அரசு, 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. நீங்கள் தேடுவது கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹோண்டா சிட்டி, இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் வரும் முழு ஹைபிரிட் வகையை. அதே கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மைல்டு வகையும் உண்டு. அதனால் மாடல் பேரோடு நிற்காமல் வேரியன்ட்டையும் கேளுங்கள்.

வரி ஏன் 'பொறு' என்கிறது?

2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் பெரிய ஹைபிரிட் காருக்கு ஜி.எஸ்.டி, செஸ் எல்லாம் சேர்த்து 43 சதவிகிதம். அதே அளவு சாதா பெட்ரோல் காருக்கு 45, பெரிய எஸ்.யூ.வி-க்கு 50. கொஞ்சமாவது சலுகை இருந்தது. புதிய வரி விகிதத்தில் எல்லாருக்கும் 40. ஹைபிரிட்டுக்கும் 3 சதவிகிதம் குறைந்தது. ஆனால், பெட்ரோல் குடிக்கும் எஸ்.யூ.வி-க்கு 10 குறைந்தது. நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவிகிதம், எலெக்ட்ரிக் காருக்கு 5. நடுவில் நிற்கும் ஹைபிரிட்டுக்குத்தான் யாருமில்லை.

மாநில வரியிலும் இதே கதை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 13 சதவிகிதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம். அதற்கு மேல் 20. 18 லட்ச ரூபாய் ஹைபிரிட்டுக்குச் சாலை வரி மட்டுமே 3.24 லட்சம் ஆகும். உத்தரப்பிரதேச அரசு 2024 ஜூலையில் முழு ஹைபிரிட் கார்களுக்கு இந்த வரியை முழுசாகத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாடு 2023 எலெக்ட்ரிக் வாகனக் கொள்கையில் பேட்டரி கார்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தது; ஹைபிரிட்டைச் சேர்க்கவில்லை. அரசுக்கும் ஒரு வாதம் உண்டு: புகையே இல்லாத வண்டி இருக்கும்போது பாதிப் புகைக்கு ஏன் சலுகை? ஆனால், அபார்ட்மென்ட்டில் சார்ஜிங் பாயின்ட்டுக்கே அசோசியேஷனோடு மல்லுக்கட்டும் சேலையூர்க்காரருக்கு அந்த வாதம் உதவாது.

இப்போ உங்க கணக்கு

ஒரு பேச்சுக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக்கில் உங்க பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், புது ஹைபிரிட் 20. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வர சுமார் 30 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் வருடத்துக்கு 8,000-ஐத் தொடும். ஊருக்குப் போவதையும் சேர்த்து 10,000 என்று வைப்போம். பழைய காருக்குப் பெட்ரோல் செலவு சுமார் 83,000. ஹைபிரிட்டுக்கு 50,000. மிச்சம் 33,000 ரூபாய்.

15 லட்சம் லோனை 9 சதவிகித வட்டியில் 7 வருடத்துக்குப் போட்டால் மாதத் தவணை 24,000-க்கு மேல். வருடத்துக்கு 2.9 லட்சம். 33,000 மிச்சம் பிடிக்க 2.9 லட்சம் கட்டுவதை எந்த அம்மாவும் சிக்கனம்னு ஒத்துக்க மாட்டாங்க!

சரி, புது கார் வாங்குவது முடிவாகிவிட்டது. சாதா பெட்ரோலா, ஹைபிரிட்டா என்பதுதான் கேள்வி என்றால் கணக்கு வேறு. ரெண்டுக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம், சாதா கார் டிராஃபிக்கில் 14 கொடுக்கும் என்று வைத்தால், வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்த 3 லட்சம் திரும்பி வர 14 வருடம் ஆகும். 20,000 ஓட்டினால் 7 வருடம். 30,000 ஓட்டினால் 5 வருடத்துக்குள். ஹைபிரிட் பேட்டரிக்கு மாருதியும் டொயோட்டாவும் தரும் வாரன்ட்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் போட்ட பணம் திரும்புமா என்பதுதான் உங்களுக்கான சோதனை. வாரநாளெல்லாம் தாம்பரம் - பீச் ரயிலில் போகிறவர் என்றால், அந்த மைலேஜ் முழுசும் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

மழைக்காலத்தையும் கேட்டுக்கோங்க

2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு தெரியும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதையும் பார்த்தோம். ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்த பேட்டரி சீட்டுக்கு அடியிலோ, டிக்கியின் தரைப்பகுதியிலோதான் இருக்கும். மூடி சீல் வைத்திருந்தாலும், கார் உள்ளே தண்ணீர் ஏறினால் ரிப்பேர் பில் சாதா காரைவிட எகிறும். ஆன் செய்து வைத்திருந்தால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகக்கூடிய வண்டி என்பதையும் மறக்காதீங்க. தண்ணீரில் நின்ற காரின் பட்டனைத் தொடவே வேண்டாம். டோ வண்டியைக் கூப்பிடுங்க. இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு இருக்கா, அது ஹைபிரிட் பேட்டரியையும் சேர்க்குதான்னு வாங்கும் அன்றே கேளுங்க. பழைய கார் வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை: தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது.

அப்போ என்னதான் பண்றது?

தினமும் ஓ.எம்.ஆர், கிண்டி என்று நெரிசலிலேயே ஓட்டி, வருடம் 20,000 கிலோமீட்டர் தாண்டுகிறவர், வீட்டில் சார்ஜிங்குக்கு வழி இல்லாதவர் என்றால் ஹைபிரிட் உங்களுக்கானது. சொந்த பார்க்கிங்கில் பிளக் இருந்தால், எலெக்ட்ரிக்கையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கொஞ்சமாக ஓட்டுபவர், பாதுகாப்புக்காக மாற்ற நினைப்பவர் என்றால் 18 சதவிகித வரியில் ஏர்பேக், ஏ.பி.எஸ் உள்ள சின்ன காரே போதும். கார் நன்றாக ஓடுது, வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் என்றால், 5,000 கட்டி ஆர்.சி-யைப் புதுப்பியுங்கள். யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

எந்த வகைன்னு தெரியலையா? அடுத்த மாதம் 1-ம் தேதி காலையில் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுங்க. அதற்கடுத்த மாதம் 1-ம் தேதி இன்னொரு போட்டோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 12-ஆல் பெருக்குங்க. ஷோரூமுக்குப் போகும்போது அந்த எண்ணையும் கையில் எடுத்துட்டுப் போங்க. '28 கிலோமீட்டர் மைலேஜ்'னு அவங்க ஆரம்பிக்கும்போது, உங்களிடமும் சொல்ல ஒரு நம்பர் இருக்கும்.