சிற்றூருக்கும் தொடர்வண்டி

நுழையும்முன்

இருப்புப்பாதை ஓர் ஊரைத் தொட்டுச் செல்வதனால் மட்டும் அவ்வூர் போக்குவரத்து வசதி பெற்றுவிட்டதாகக் கூற இயலாது. வேண்டிய வேளையில் வண்டி வந்து நிற்பதே வசதியாகும். திருவாரூர் – காரைக்குடி இருப்புப்பாதையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, சிற்றூர் நிலையங்களுக்கு எத்தகைய சேவை தேவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மக்கள் வரியில் அமைந்த பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி, 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டிற்குள் காவிரிப் படுகையின் வயல்களுக்கு ஊடேயும் இருப்புப்பாதைகள் நீண்டன. அவற்றுள் மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குச் சென்ற பாதை தனிச்சிறப்புடையது. அக்காலத்தில் ‘ஜில்லா போர்டு’ என வழங்கப்பட்ட தஞ்சை மாவட்ட ஆட்சிக் குழு, நிலவரியோடு ஒரு தனித்தீர்வையும் பெற்று, அத்தொகையைக் கொண்டு இப்பாதையை அமைத்தது. 1894இல் இதில் வண்டி ஓடத் தொடங்கியது. பின்னர்ப் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வரை இது நீண்டது.

உழவர் செலுத்திய தீர்வையில் உருவான பாதை இது. ஆகவே, இப்பாதையோரத்துச் சிற்றூரார் தங்கள் நிலையத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று கேட்பதைச் சலுகை வேண்டுவதாகக் கருதலாகாது; அது தம் முன்னோர் முதலீட்டின் பயனைக் கேட்பதாகும்.

பாதை வந்தும் பயணம் வரவில்லை

மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012இல் திருவாரூர் – காரைக்குடி இடையே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பாதை முழுமைக்கும் பயணியர் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது 2019ஆம் ஆண்டு சூன் திங்களில்தான். வண்டி நின்றபோது ஐந்தாம் வகுப்பில் பயின்ற சிறுவன், அது திரும்பி வந்தபோது பள்ளிப் படிப்பையே முடித்திருப்பான்.

திரும்பி வந்த வண்டியும் தவழ்ந்தே சென்றது. மக்கள் ‘கேட்’ என்று வழங்கும் கடவுப்பாதைகள் பலவற்றிற்குக் காவலர் நியமிக்கப்படவில்லை. எனவே, காவலர்கள் வண்டியிலேயே ஏற்றிச் செல்லப்பட்டனர். ஒவ்வொரு கடவின் முன்பும் வண்டி நிற்கும். முன்பகுதியில் இருப்பவர் இறங்கிக் கதவை மூடுவார். வண்டி கடந்து சென்று மீண்டும் நிற்கும். பின்பகுதியில் இருப்பவர் கதவைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அதாவது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. புதிய தண்டவாளமும் புதிய நடைமேடையும் இருந்தும், கடவைக் காக்க ஆளில்லாமையால் பாதையின் பயன் மக்களை அடையவில்லை. காவலர் நியமிக்கப்பட்ட பின்னரே பயண நேரம் குறைந்தது.

வருவாய் என்னும் அளவுகோல்

சிறு நிலையங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ‘அங்குப் பயணியர் இல்லை, வருவாயும் இல்லை’ என்னும் மறுமொழி வருகிறது. இம்மறுமொழி காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக் காட்டுகிறது. கல்லூரி தொடங்கிய பின்னர் வந்து சேரும் வண்டியில் மாணவர் எங்ஙனம் ஏறுவர்? மாலையில் வீடு திரும்ப வண்டி இல்லையெனில், காலையில் மட்டும் வரும் வண்டியால் யாது பயன்? பயன்படாத நேரத்தில் வண்டியை இயக்கிவிட்டு, மக்கள் பயன்படுத்தவில்லை என்று அதனையும் நிறுத்துவது, நீர் ஊற்றாமல் செடியை வாடவிட்டு, நிலத்தைக் குறைகூறுவது போன்றதாகும்.

மறுதரப்பில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தமும் விரைவு வண்டிக்குச் சில நிமிட இழப்பை ஏற்படுத்தும். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி காலந்தாழ்த்தினால், எதிரே வரும் வண்டியும் காத்துக்கிடக்க நேரிடும். தாம்பரம் – செங்கோட்டை விரைவு வண்டி 2023 முதல் இப்பாதையில் செல்கிறது. அதனைத் தில்லைவிளாகத்திலும் ஒட்டங்காட்டிலும் ஆயிங்குடியிலும் நிறுத்துக என்பது நெடுந்தொலைவு செல்வோர்க்கு இழைக்கும் இடராகவே முடியும். சிற்றூருக்குத் தேவை, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் குறுந்தொலைவு வண்டியே.

செய்யத்தக்கவை

முதலாவது, கால அட்டவணை மக்களின் அன்றாட வாழ்வைத் தழுவி அமைதல் வேண்டும். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதன் அருகே மத்தியப் பல்கலைக்கழகமும் உள்ளன. மறுமுனையில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. வகுப்பும் மருத்துவமனையும் தொடங்குவதற்கு முன் சென்று சேர்வதற்கும், பொழுது சாயுமுன் வீடு திரும்புவதற்கும் இரு திசையிலும் வண்டிகள் தேவை. இவ்வண்டிகள் சந்திப்பு நிலையங்களில் விரைவு வண்டிகளோடு இணையுமாறு நேரம் வகுக்கப்பட்டால், சிற்றூரார்க்கு நெடும்பயணமும் எளிதாகும்.

இரண்டாவது, கட்டணம் எளியோர்க்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும். பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் சாதாரணப் பயணியர் வண்டிகள் விரைவு வண்டிக் கட்டணத்தில் இயக்கப்பட்டபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024இல்தான் பழைய கட்டணம் மீண்டது. நாள்தோறும் கூலி வேலைக்குச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மூன்றாவது, நிலையம் என்பது பெயர்ப்பலகை மட்டுமன்று. குடிநீர், கழிப்பறை, நிழற்கூரை, இரவில் விளக்கு ஆகியன வேண்டும். நடைமேடை தாழ்வாக இருந்தால் முதியோரும் கருவுற்றோரும் வண்டியில் ஏறுவது கடினம். அதனை உயர்த்த வேண்டும். நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்லும் சாலையும், வண்டி வரும் நேரத்தை ஒட்டிய பேருந்தும் அமைய வேண்டும்.

மக்களின் பங்கு

சேவையைக் கேட்பது போலவே அதனைப் பேணுவதும் கடமையாகும். பயணச்சீட்டுப் பெறாமல் பயணம் செய்வோர், தம் ஊரில் பயணியர் இல்லை என்பதற்குத் தாமே சான்று அளிக்கின்றனர். வாங்கப்படும் ஒவ்வொரு பயணச்சீட்டும் அந்நிலையத்தின் கணக்கில் ஏறும் ஒரு வாக்காகும். எத்தனை மாணவர், எந்த நேரத்தில், எங்குச் செல்கின்றனர் என்பதைக் கணக்கெடுத்து வைக்கப்படும் கோரிக்கை, வெறும் முழக்கத்தினும் வலியது. அக்கணக்கெடுப்பைச் செய்ய மேனிலைப்பள்ளி மாணவரே தகுதியானவர். ஏனெனில், நாளைக்கு அவ்வண்டியில் பயணம் செய்யப்போகிறவர் அவரே.

விரைந்து செல்லும் வண்டிகள் நாட்டின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. அவ்வளர்ச்சி யாரையெல்லாம் ஏற்றிச் செல்கிறது என்பதைச் சிற்றூர் நிலையத்தில் நின்று செல்லும் வண்டியே காட்டும். தண்டவாளம் ஊருக்கு வந்துவிட்டது. உரிய நேரத்தில் வண்டியும் வந்து நிற்க வேண்டும்.