செத்தவர் என்று முடிவு கட்டும் முன்...
குளிரில் நின்றுபோன இருதயத்தை ஓடவைக்கும் டாக்டர்கள்

நார்வே நாட்டின் வடபகுதியில் நார்விக் என்ற ஊர் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு மே மாதம் 20ந் தேதி மாலை, அங்கே மூன்று டாக்டர்கள் மலைச்சரிவில் பனிச்சறுக்கு விளையாடிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்னா போகென்ஹோல்ம். சுவீடன் நாட்டுப் பெண். வயது 29.

திடீர் என்று அன்னா சறுக்கி விழுந்தார். கீழே உறைந்து கிடந்த ஓடை. பனிப்பாளம் உடைந்து, அவர் தலைகுப்புற உள்ளே போய்விட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நண்பர்கள் இருவரும் ஓடிவந்து கால்களைப் பிடித்து இழுத்தார்கள். முடியவில்லை. உடம்பு பனிக்கு அடியில் சிக்கிக் கொண்டது. மேலே ஒரு சாண் கனத்துக்குப் பனிக்கட்டி. கீழே ஐஸ் தண்ணீர் பாய்கிறது. கையில் இருந்த செல்போனில் உதவி கேட்டார்கள்.

பனிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருந்தது. அதைச் சுவாசித்தபடி அன்னா 40 நிமிஷம் போராடினார். பிறகு அசைவு நின்றது. மீட்புப் படையினர் வந்து, பனியில் துளை போட்டு வெளியே இழுத்தபோது, அவர் விழுந்து 80 நிமிஷம் ஆகிவிட்டது. மூச்சு இல்லை. நாடி இல்லை. கண்மணி விரிந்துவிட்டது.

நண்பர்கள் டாக்டர்கள் அல்லவா? அழுதுகொண்டு நிற்கவில்லை. அங்கேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டர் வந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்த நேரம் முழுவதும் நெஞ்சை அழுத்துவதும், மூச்சைச் செலுத்துவதும் நிற்கவில்லை.

13.7 டிகிரி!

டிரோம்சோ நகர ஆஸ்பத்திரிக்கு இரவு 9 மணி 10 நிமிஷத்துக்கு அன்னா கொண்டுவரப்பட்டார். மனித உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி. அன்னாவின் உஷ்ணம் 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தது. விபத்தில் அவ்வளவு குளிர்ந்துபோன பெரியவர் எவரும் அதுவரை பிழைத்ததாகப் பதிவு இல்லை. இருதயத் துடிப்பைக் காட்டும் கருவியில் கோடு நேராக ஓடியது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் மாட்ஸ் கில்பர்ட். உடம்பு சூடாகும் வரை இவர் இறந்துவிட்டார் என்று சொல்லக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார்கள். இருதயம், சுவாசப்பை இரண்டின் வேலையையும் செய்யும் எந்திரத்தோடு அன்னாவை இணைத்தார்கள். எந்திரம் அவரது ரத்தத்தை வெளியே எடுத்தது, சூடாக்கியது, பிராணவாயுவைக் கலந்தது, மறுபடி உடம்புக்குள் அனுப்பியது.

இரவு 10 மணி 15 நிமிஷம். இருதயம் தானாகத் துடித்தது!

டாக்டர்களும் நர்சுகளுமாக நூறு பேருக்கு மேல் மாற்றி மாற்றி ஒன்பது மணி நேரம் உழைத்தார்கள். அன்னா கண் விழித்தபோது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மாதக் கணக்கில் சிகிச்சை நடந்தது. கைகளில் நரம்புக் கோளாறு தங்கிவிட்டது. ஆனால் எழுந்து நடந்தார். தன்னைப் பிழைக்க வைத்த அதே ஆஸ்பத்திரியில், பிற்பாடு எக்ஸ்ரே பிரிவு டாக்டராக வேலையும் பார்த்தார்.

குளிர் கொல்லுமா, காக்குமா?

இரண்டும் உண்டு. உடம்பின் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடம்பு வெடவெட என்று நடுங்கும். நடுக்கம் என்பது உடம்பு தானே மூட்டிக் கொள்ளும் அடுப்பு. இன்னும் குளிர்ந்தால் அந்த நடுக்கமும் நின்றுவிடும். பார்ப்பவர்கள், "நடுக்கம் நின்றுவிட்டது, தேறிவிட்டார்" என்று நினைப்பார்கள். உண்மையில் அடுப்பு அணைந்துவிட்டது! 28 டிகிரிக்குக் கீழே போனால் இருதயம் எந்த நேரமும் நிற்கலாம்.

சாதாரணமாக இருதயம் நின்றால், சில நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்கும். காரணம், மூளைக்கு ஓயாமல் பிராணவாயு வேண்டும். ஆனால் உடம்பு ஒரு டிகிரி குளிர்ந்தால், பிராணவாயுத் தேவை நூற்றுக்கு ஆறு பங்கு போலக் குறைகிறது. 18 டிகிரியில் மூளை தாங்கும் நேரம், 37 டிகிரியில் தாங்குவதைப்போல் பத்து மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். திரியைக் குறைத்துவிட்டால் கொஞ்சம் எண்ணெயிலும் விளக்கு நெடுநேரம் எரியும் அல்லவா? அதைப்போலத்தான்.

இந்த ரகசியம் ஆபரேஷன் டாக்டர்களுக்கு முன்பே தெரியும். கனடாவில் டாக்டர் வில்பிரட் பிகலோ நாய்களைக் குளிரவைத்து ஆராய்ந்தார். 1952ஆம் ஆண்டு செப்டம்பர் 2ந் தேதி அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் டாக்டர் ஜான் லூயிஸ் ஒரு 5 வயதுச் சிறுமியை 28 டிகிரிக்குக் குளிரவைத்தார். இருதயத்துக்குப் போகும் ரத்தத்தை ஐந்தரை நிமிஷம் நிறுத்தி, இருதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். சிறுமி பிழைத்தாள்.

எந்திரம் இருந்தும் பிழைக்காதவர்கள்

அன்னாவின் கதை உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்த ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளில் இருக்கிறது. 1985 முதல் 2013 வரை, குளிரால் இருதயம் நின்ற 34 பேருக்கு அங்கே ரத்தத்தைச் சூடாக்கும் சிகிச்சை நடந்தது. 9 பேர் பிழைத்தார்கள். அந்த 9 பேரில் ஒருவர்கூட 1999க்கு முற்பட்டவர் அல்ல!

எந்திரம் முன்பும் இருந்தது. டாக்டர்களும் இருந்தார்கள். மாறியது எது? ஒருவர் பிழைத்ததும் நம்பிக்கை வந்தது. மலையடிவாரத்தில் இருப்பவருக்கும், ஹெலிகாப்டரில் இருப்பவருக்கும், ஆபரேஷன் அறையில் காத்திருப்பவருக்கும் "கைவிடக் கூடாது" என்பது தெரிந்தது. நடுவில் ஒருவர் கையை எடுத்துவிட்டாலும், கடைசியில் எந்திரம் இருந்து பயன் இல்லை.

டென்மார்க்கில் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரஸ்டோ கடற்கழியில் ஒரு பள்ளியின் படகு கவிழ்ந்தது. பதின்மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் ஐஸ் போன்ற தண்ணீரில் விழுந்தார்கள். சிலர் நீந்திக் கரையேறிப் போய்த் தகவல் சொன்னார்கள். ஓர் ஆசிரியர் மாண்டார். ஏழு மாணவர்களுக்கு இருதயமே நின்றுவிட்டது. ஏழு பேரும் கோபன்ஹேகனில் எந்திரத்தில் இணைக்கப்பட்டார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள்! ஆனால் எல்லோரும் பழையபடி ஆகிவிடவில்லை. நினைவிலும் கவனத்திலும் குறை தங்கியது. பத்திரிகைகள் "அதிசயம்" என்று எழுதும்போது இதை விட்டுவிடுவது சரியல்ல.

ஸ்பெயின் நாட்டில் 2019ஆம் ஆண்டு நவம்பரில், மலையேறப் போன 34 வயது பிரிட்டிஷ் பெண் பனிப்புயலில் சிக்கினார். அவர் இருதயம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தது. பார்சிலோனா ஆஸ்பத்திரியில் "எக்மோ" கருவி அவரைக் காப்பாற்றியது. எக்மோ என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 2016ல் ஜெயலலிதாவுக்கும், 2020ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் பொருத்தப்பட்டது இதுதான். அவர்கள் நோய் வேறு, கருவி ஒன்று.

மீட்பவர் செய்ய வேண்டியது

உறைந்தவரைத் தூக்கும்போது முட்டை கூடையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். படுக்கை வசத்திலேயே தூக்க வேண்டும். குளிர்ந்த இருதயம் ஒரு குலுக்கலில் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். மூச்சும் நாடியும் மிக மெல்லியதாக இருக்கக் கூடும். ஆகையால் அவசரப்படாமல் ஒரு நிமிஷம் வரை கவனித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இல்லை என்றால், உடனே நெஞ்சை அழுத்த வேண்டியதுதான். கை கால்களைத் தேய்ப்பதும், சாராயம் ஊற்றுவதும் கூடாது. நம் நாட்டிலும் "குளிருக்கு ஒரு வாய்" என்பவர்கள் உண்டு. சாராயம் தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உள்ளே இருக்கும் கொஞ்ச உஷ்ணத்தையும் வெளியே விட்டுவிடும்.

மின் அதிர்ச்சி கொடுத்தாலும், உடம்பு 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பல சமயம் இருதயம் வசத்துக்கு வராது. மருந்தும் சரியாக வேலை செய்யாது. கொடுத்த மருந்தெல்லாம் உடம்பிலேயே சேர்ந்து, சூடேறும்போது மொத்தமாகத் தாக்கும் என்று பயப்படுகிறார்கள். எனவே மூன்று தடவை அதிர்ச்சி கொடுத்துப் பலன் இல்லை என்றால், 30 டிகிரி வரும் வரை நிறுத்திவைப்பது ஐரோப்பிய டாக்டர்களின் வழக்கம்.

செங்குத்து மலையில் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டே நெஞ்சையும் அழுத்த முடியுமா? முடியாது. இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். உஷ்ணம் 28 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிஷம் அழுத்திவிட்டு, அதிகம் போனால் ஐந்து நிமிஷம் நடக்கலாம். 20 டிகிரிக்கும் கீழே என்றால் பத்து நிமிஷம் வரை நடக்கலாம். மறுபடி ஐந்து நிமிஷம் அழுத்த வேண்டும். மற்றவர்களுக்கு இதைச் செய்தால் கொலை. உறைந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

யாருக்குப் பலன் இல்லை?

குளிர் முந்த வேண்டும். மூச்சடைப்பு பிந்த வேண்டும். அன்னாவுக்குக் காற்று இருந்தது. உடம்பு குளிர்ந்த பிறகே இருதயம் நின்றது. பனிச்சரிவில் புதைந்து, மூக்கும் வாயும் அடைபட்டு முதலிலேயே மூச்சு நின்றவர்கள் பிழைப்பது அரிது. நம் ஊர்க் குளத்திலும் கிணற்றிலும் மூழ்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. தண்ணீர் வெதுவெதுப்பு. அங்கே ஒவ்வொரு நிமிஷமும் உயிர். கரைக்கு வந்ததும் மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பைச் சோதிக்கிறார்கள். உயிரணுக்கள் செத்து உடைந்தால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறும். 12 என்ற அளவைத் தாண்டிவிட்டால் எந்திரத்தில் இணைத்தும் பயன் இல்லை என்று கைவிடுகிறார்கள். வயது, உஷ்ணம், மூச்சடைப்பு, நெஞ்சை அழுத்திய நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டும் பார்க்கிறார்கள்.

மிச்சம் இருப்பது தூரம். இந்த எந்திரம் பெரிய நகரங்களில்தான் உண்டு. பக்கத்தில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டால் மீட்பவர்களுக்கு நிம்மதி, நோயாளிக்கு முடிவு. அதனால் ஐரோப்பாவின் மலைநாடுகளில், இருதயம் நின்ற உறைந்த மனிதரோடு ஹெலிகாப்டர்கள் அருகில் உள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பறக்கின்றன. எந்திரம் உள்ள ஊருக்கு முன்கூட்டியே தகவல் போய்விடுகிறது. அங்கே ஆபரேஷன் அறையில் விளக்கு எரிகிறது.