நாய்க்குட்டியின் பல்லும் நோயாளியின் வீடும்

மருத்துவமனைச் செய்திமடலில் நாய்க்குட்டிக்கான கடிபொம்மையைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அது கால்நடை மருத்துவரின் துறையல்லவா என்று கேட்பதும் நியாயமே. ஆனால், நீரிழிவு நோயாளியோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ, படுக்கையில் இருக்கும் முதியவரோ வாழும் வீட்டில் ஒரு குட்டியும் வளர்கிறது என்றால், அந்தக் குட்டி எதைக் கடிக்கிறது என்பது நோயாளியின் நலனோடும் தொடர்புடைய செய்தி. கடிப்பதற்குத் தகுந்த ஒரு பொருளைக் குட்டிக்குக் கொடுப்பது ஆடம்பரமன்று. இல்லப் பராமரிப்பின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

தென்காசி வட்டாரத்தில் நாய் வளர்ப்பது புதிய பழக்கமன்று. தோட்டங்களுக்கும் தனி வீடுகளுக்கும் நாய் காவல் இருந்திருக்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற புகழ்பெற்ற நாட்டு இனங்களும் நமக்கு அண்டை ஊர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மாறியிருப்பது குட்டி வளரும் இடம். முன்பு அது களத்திலும் தொழுவத்திலும் வளர்ந்தது. இன்று கட்டிலுக்கு அடியில் வளர்கிறது. அதே கட்டிலுக்கு அருகில்தான் நோயாளியின் மருந்துப் பெட்டியும் செருப்பும் இருக்கின்றன.

குட்டி ஏன் கடிக்கிறது?

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை பிறந்த மூன்றாவது வாரம் முதல் முளைக்கத் தொடங்குகின்றன. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. நம் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது ஈறு தினவெடுத்துக் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறதல்லவா? குட்டியும் அதையே செய்கிறது. அதனை அடித்து நிறுத்த இயலாது. கடிக்கத் தகுந்ததைக் கொடுத்து, கடிக்கத் தகாததை அகற்றுவதே வழி.

தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் மிக விரைவில் பிரிக்கப்பட்ட குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளாமலே வளர்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுவதை வாங்குபவர்கள் நினைவில் கொள்வது நன்று.

நோயாளியின் வீட்டில் குட்டிக்குக் கிடைப்பவை

குட்டி முதலில் தேடிச் செல்வது செருப்பை. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு அணியச் சொல்கிறோம். அது ஒரே இரவில் குதறப்பட்டால், புதியது வாங்கும் வரை நோயாளி வெறுங்காலில் நடப்பார். உணர்ச்சியற்ற பாதத்தில் முள்ளோ கல்லோ குத்தினால் வலி தெரியாது. புண் தெரியவரும்போது சீழ் பிடித்திருக்கும். ‘பழைய செருப்பு ஒன்றைக் குட்டிக்குப் போட்டுவிட்டால் போதாதா?’ என்று பலர் கேட்கின்றனர். போதாது. பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் குட்டிக்கு வேறுபாடு தெரியாது. செருப்பு கடிப்பதற்கு உரியது என்ற பாடத்தை நாமே கற்பித்ததாக ஆகிவிடும்.

அடுத்தது மாத்திரை அட்டை. பளபளப்பும் சலசலப்பும் குட்டியை ஈர்க்கின்றன. காசநோய்ச் சிகிச்சையில் தரப்படும் ஐசோனியசிட், நாய்க்கு வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. மூட்டுவலிக்கு உட்கொள்ளும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை அதன் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் கேடு விளைவிக்கும். நீரிழிவு மாத்திரைகளுள் சில அதன் இரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு மனிதருக்குத் தீங்கற்றது. நாய்க்கோ சிறிதளவே இரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைக்கும், கல்லீரலையும் தாக்கும். காது கேட்கும் கருவியின் பொத்தான் பேட்டரி, இன்சுலின் ஊசி, ஆக்சிஜன் குழாய், சிறுநீர்க் குழாய் என இப்பட்டியல் நீளும். சாரல் காலத்தில் குட்டியை வெளியே விட இயலாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

குட்டியின் கடியும் கடியே

கடிக்கப் பொருளில்லாத குட்டி நம் விரலையும் குதிகாலையும் கடிக்கும். ‘சின்னக் குட்டிதானே, பால்பல்தானே’ என்று அலட்சியம் காட்டும் குடும்பத்தினரைப் புறநோயாளிப் பிரிவில் தொடர்ந்து காண்கிறேன். ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்க்கு வயது வேறுபாடு இல்லை. தடுப்பூசி போடப்படாத குட்டிக்கும் அந்நோய் வரலாம். குட்டியிடமிருந்து மனிதருக்கும் பரவலாம். குட்டிக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அது மிகுதியாகக் கடிக்கும் பருவத்தின் ஒரு பகுதி தடுப்பூசிக்கு முந்தைய காலம் என்பதை மறவாதீர்கள்.

இரத்தம் வராத சிறு கீறலும் பல் பதிந்த தடமும் இரண்டாம் வகைக் காயம், தடுப்பூசி தேவை. தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, ஏற்கனவே இருந்த புண்ணை நாய் நக்கினாலோ அது மூன்றாம் வகை. தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் தேவை. நீரிழிவுப் பாதப் புண் உள்ளவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் நாயின் எச்சிலில் உள்ள சில பாக்டீரியாக்களே கடுந்தொற்றை உண்டாக்கக்கூடும்.

காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். தோலினுள் போடப்படும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் போடப்படுகிறது. அருவிக்கு வந்த இடத்தில் நாயோ குரங்கோ கடித்துவிட்டால், முதல் ஊசியை இங்கேயே போட்டுக்கொண்டு மீதியை உங்கள் ஊரில் தொடரலாம். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தவறு. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது அநேகமாக இயலாத செயல்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் சோதனை கடினம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிதளவாவது அமுங்க வேண்டும். நகம் பதியாத பொருள் குட்டியின் பல்லைப் பிளக்கும். மான்கொம்பு, குளம்பு, மாட்டெலும்பு ஆகியவை இச்சோதனையில் தேறமாட்டா. புரோட்டாக் கடைப் பொட்டலத்தில் மிஞ்சும் வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து உணவுக்குழாயையும் குடலையும் கிழிக்கக்கூடும்.

இரண்டாவது அளவு. பொம்மை முழுவதும் வாய்க்குள் அடங்கிவிடக் கூடாது. இராஜபாளையம் குட்டி மாதத்திற்கு மாதம் வளரும். சென்ற மாதத்துப் பொம்மை இந்த மாதம் தொண்டையில் சிக்கலாம்.

மூன்றாவது அமைப்பு. பிய்த்தெடுக்கக்கூடிய கண், மணி, ஒலியெழுப்பும் சிறு குமிழ் எதுவும் வேண்டா. உள்ளே குழிவான பொம்மையானால் இரு துளைகள் இருக்கட்டும். ஒரே துளையுள்ள பொம்மையில் காற்று வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

நான்காவது பொருள். கடுமையான இரசாயன நெடி வீசும் பொம்மையையும், ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டும் பொம்மையையும் தவிர்த்துவிடுங்கள். மலிவான பி.வி.சி. பொம்மைகளை மென்மையாக்கத் தாலேட்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. சாயங்களில் ஈயமும் இருக்கக்கூடும்.

இயற்கைப் பொருளெல்லாம் பாதுகாப்பானதன்று

சுற்றுச்சூழல் அக்கறை கொண்டவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். பிளாஸ்டிக் வேண்டா என்று தேங்காய் மட்டையையோ கயிற்றையோ குட்டியிடம் போட்டுவிடுகின்றனர். தென்னை நார் மண்ணில் மக்கும். குட்டியின் குடலில் மக்காது. விழுங்கிய நார் திரண்டு குடலை அடைக்கலாம். மாங்கொட்டையும், சீசனில் தின்று எறியும் மக்காச்சோளக் கட்டையும் அவ்வாறே. மூங்கில் சிம்பாகும். ஆக, மண்ணுக்கு நல்லதா என்ற கேள்விக்கு முன்பு குட்டிக்கு நல்லதா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரு கேள்விகளுக்கும் ஓரளவு விடை தருபவை மூன்று. முதலாவது, கெட்டியான இயற்கை ரப்பர். குமரி மாவட்டத்திலும், செங்கோட்டையைத் தாண்டினால் புனலூர்ப் பக்கத்திலும் விளையும் மரப்பாலிலிருந்து உருவாகும் பொருள் அது. விலை சற்றுக் கூடுதல். ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். இரண்டாவது, சாயம் போகாத பருத்தித் துணியை இறுக முடிச்சிட்டது. நனைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் ஈற்றின் வலி தணியும். நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலை அறுக்கும். மூன்றாவது, குளிர்ந்த முழுக் கேரட். கண்காணிப்பில் கடிக்கக் கொடுத்து, சிறு துண்டானதும் எடுத்துவிடலாம். குப்பையே மிஞ்சாது.

எந்தப் பொம்மையும் ‘கொடுத்துவிட்டு மறந்துவிடும்’ பொருளன்று. வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். சாரல் நாள்களில் துணி உலராமல் பூஞ்சை பிடிக்கும். அப்போது ரப்பரே ஏற்றது. கழுவும் வேலையை எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளி செய்ய வேண்டா. முற்றத்து மண்ணில் உருண்ட பொம்மையைக் கைக்குழந்தை எடுத்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியின் மலத்தில் வெளியேறும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் சில வாரங்களில் நோயூட்டும் தன்மை பெறுகின்றன. அவை குழந்தையின் கண்ணையும் பாதிக்கக்கூடும். குட்டிக்குக் குடற்புழு நீக்க மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் தவறாது கொடுங்கள்.

மலிவான பொம்மை பத்து வாங்கிப் பத்தையும் குப்பையில் எறிவதைவிட, நல்லது இரண்டு வாங்கி நீண்ட நாள் பயன்படுத்துவதே பசுமையான வழி. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் தெருவோர ஓடையில் எறியும் பிளாஸ்டிக் துணுக்கு, எத்தனையோ ஊர்களின் குடிநீர் ஆற்றைச் சென்றடையக்கூடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. அந்தத் தடையின் நோக்கம் கடைப் பையோடு நின்றுவிடுவதன்று.

முத்திரை வேண்டும்

குழந்தைகளின் பொம்மைக்கு நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிகளுக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வேண்டும். அமெரிக்கா 2008இல் இயற்றிய சட்டம் குழந்தைப் பொம்மைகளில் குறிப்பிட்ட தாலேட்டுகளை 0.1 விழுக்காட்டிற்குள் அடக்கியது. இச்சட்டங்கள் எவையும் நாய்க்கான பொம்மையைக் கட்டுப்படுத்துவதில்லை. அட்டையில் ‘நச்சற்றது’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருப்பது விற்பவரின் கூற்று மட்டுமே.

‘மனிதரின் உணவுக் கலப்படத்தையே தடுக்க முடியவில்லை, நாயின் பொம்மைக்குச் சட்டமா?’ என்ற எதிர்ப்பு எழலாம். ஆனால் குட்டியும் தவழும் குழந்தையும் ஒரே தரையில் விளையாடுகின்றன. குட்டியின் வாயிலிருந்து விழுந்த பொம்மை அடுத்த நொடி குழந்தையின் வாய்க்குப் போகிறது. இதனை ‘வீட்டிலுள்ள குழந்தை வாயில் வைக்கக்கூடிய பொருள்’ என்று கருதினாலே, குழந்தைப் பொம்மைக்கு உள்ள ஈய, தாலேட்டு வரம்புகளை இதற்கும் விரிவாக்கக் காரணம் கிடைத்துவிடும். அதுவரை, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழந்தைப் பொம்மை நாய்க்குப் பொருந்தும் என்று எண்ணிவிடவும் வேண்டா. அது குட்டியின் கடியைத் தாங்குமா என்று சோதிக்கப்பட்டதன்று.

துரத்திவிடாதீர்கள்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று அறிந்ததும் குட்டியை எங்கேயாவது விட்டுவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. அச்சம் புரிகிறது, செயல் சரியன்று. சாலையில் விடப்பட்ட குட்டி தடுப்பூசியின்றி வளர்ந்து, வேறொரு குழந்தையைக் கடிக்கும் நாயாகலாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் முதியவருக்கு அந்தக் குட்டியே அன்றாடம் எழுந்து நடக்கக் காரணமாகவும் இருக்கலாம். மிகக் கடுமையாக எதிர்ப்பாற்றல் குறைந்த சிலருக்குத் தற்காலிகப் பிரிவு தேவைப்படலாம். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளி வீடு திரும்பும்போது உப்பைக் குறையுங்கள், காலைக் கவனியுங்கள் என்று சொல்லும் நாங்கள், ‘வீட்டில் நாய் உண்டா? குட்டியா? ஊசி போட்டாயிற்றா?’ என்றும் கேட்க வேண்டும். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களாகவே சொல்லுங்கள். மருந்துப் பெட்டியை இடுப்பு உயரத்திற்கு மேல் வையுங்கள்; செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்; குட்டியின் எதிரில் நகம் பதியும் ஒரு நல்ல ரப்பர்த் துண்டை வையுங்கள்.